பரண் நிறைஞ்சா ரூம் காலியாகும்

வாசகர் கேள்வி - பதில்

போன மாசம் கியோட்டோல பார்த்த டீ ரூம் பத்தி அரைப் பக்கம் எழுதினேன், அதுலேர்ந்து தபால்ல, வாட்ஸ்அப்ல, நம்ம மும்பை சயான் ஸ்டேஷன் பாலத்துல எதிர்ல வந்தவங்க வாயாலன்னு எல்லாப் பக்கமும் ஜப்பான் கேள்வியாவே வருது. முன்னாடியே சொல்லிடறேன், நான் எக்ஸ்பர்ட் எல்லாம் இல்ல, வீட்டுக்காரர் ஆபீஸ் வேலையா போனப்ப கூட ஒட்டிக்கிட்டு ஒன்பது நாள் சுத்திட்டு வந்தவ, வந்தப்புறம் கைக்குக் கிடைச்சதை எல்லாம் படிச்சவ. சமையல் கேள்வியும் மாமியார் கேள்வியும் அனுப்பினவங்க அடுத்த மாசம் வரைக்கும் பொறுத்துக்கோங்க. மாமியார் இதுலயும் கொஞ்சம் வருவாங்க.

முலுண்ட்ல புது டூ பிஹெச்கே வாங்கியிருக்கோம். பையனும் மருமகளும் "ஜப்பாண்டி" ஸ்டைல்னு ஒரு டிசைனரைக் கூட்டிட்டு வந்தாங்க. சுவரெல்லாம் சாம்பல் கலர், சாமானெல்லாம் வெளிர் மரம், ஆறு லட்சம் ஆகுமாம். என் பித்தளை அண்டா, கொலு பொம்மை டிரங்க் பெட்டி, சாமி படம் எதுவும் இந்த ஸ்டைலுக்கு செட் ஆகாதுங்கறா. ஜப்பான்காரா ஆத்துல நிஜமாவே சாமானே இருக்காதா?
— முலுண்ட் வாசகி

இருக்கும் மாமி, நிறையவே இருக்கும், வெளில தெரியாது. போட்டோல பார்க்கிறோமே அந்தக் காலி ரூம், அதோட ஒரு பக்கச் சுவர் முழுக்க "ஓஷிஇரே"ன்னு ஆழமான அலமாரி, ராத்திரி விரிக்கிற மெத்தை, போர்வை எல்லாம் காலைல மடிச்சு அதுக்குள்ள போயிடும், அதனாலதான் படுத்த ரூம்லயே பகல்ல உக்காந்து சாப்பிட முடியுது. வசதியான குடும்பம்னா வீட்டுக்குப் பக்கத்துல "குரா"ன்னு தடிமனான மண் சுவர் வெச்ச தனிக் கட்டடமே இருக்கும், தீ பிடிச்சாலும் உள்ள இருக்கிற சாமான் தப்பிக்கணும்னு கட்டினது, அதுக்குள்ள பாத்திரம், ஓவியச் சுருள், பொம்மைன்னு பெட்டி பெட்டியா அடுக்கியிருக்கும். ரூம்ல "தொகொனோமா"ன்னு சுவர்ல உள்வாங்கின மாடம் ஒண்ணு, அதுல ஒரு சுருள் தொங்கும், கீழ ஒரு பூ. சீசன் மாறினா அந்தச் சுருளைச் சுருட்டி உள்ள வெச்சுட்டு வேறொண்ணை எடுத்து மாட்டுவாங்க. நூறு சாமான் இருக்கலாம், இன்னிக்கு வெளில வர்றது ஒண்ணு. அவ்வளவுதான் அந்தக் காலி ரூமோட ரகசியம்.

இது உங்களுக்குப் புதுசா என்ன? வருஷம் பூரா பழைய வேஷ்டில சுத்தி டிரங்க்ல தூங்கற பொம்மைகள் ஒன்பது நாள் மட்டும் படியேறி உக்காரலையா? அங்கயும் மார்ச் 3ம் தேதி பெண் குழந்தைகளுக்காக ஒரு பண்டிகை, சிவப்புத் துணி விரிச்ச படி, மேல் படில ராஜா ராணி, கீழ பரிவாரம், பார்த்தா நம்ம கொலுவை யாரோ ஜெராக்ஸ் எடுத்த மாதிரி இருக்கும். பண்டிகை முடிஞ்சும் பொம்மையை உள்ள வெக்காம இழுத்தடிச்சா பொண்ணுக்குக் கல்யாணம் தள்ளிப்போகும்னு ஒரு நம்பிக்கை வேற! இதை உங்க மருமக கிட்ட சொல்லுங்க, டிரங்க் பெட்டியை அப்புறம் ஸ்டைலுக்கு ஒத்துவராததுன்னு சொல்லமாட்டா.

"ஜப்பாண்டி"ங்கறது ஜப்பானையும் ஸ்காண்டிநேவியாவையும் சேர்த்து ஒட்டின பேரு, ஃபர்னிச்சர் விக்க வசதியான பேரு. டிசைனர் வந்தா ஒரே ஒரு கேள்வி கேளுங்க, லாஃப்ட் எத்தனை அடி ஆழம்? லாஃப்ட் வெச்சா லுக் கெட்டுடும்னு பதில் வந்தா அவருக்கு ஜப்பானும் தெரியல மும்பையும் தெரியலன்னு அர்த்தம். அண்டா ஒரு மாசம் ஹால்ல இருக்கட்டும், அடுத்த மாசம் அது லாஃப்டுக்குப் போயி இட்லிக் குண்டான் கீழ வரட்டும். சாமி படத்துல நான் கை வெக்க மாட்டேன். ஆனா மளிகைக் கடைக்காரன் குடுத்த 2019 காலண்டர் பெருமாளை வேணும்னா மெதுவா வழியனுப்பலாம், அதுக்கு ஜப்பான் தேவையில்ல.

வாபி-சாபின்னா ஒரு வரில என்னங்க?
— வாஷி வாசகர்

பழசானதையும் குறை உள்ளதையும் அழகா பார்க்கிற கண்ணு. ஒரு வரி முடிஞ்சுது, ஆனா நிறுத்த முடியாது, ஏன்னா இதைக் கேட்டுட்டு எங்க வீட்ல ஒருத்தர் பாத்ரூம் குழாய் ஒழுகறதை வாபி-சாபின்னு சொல்லியே ஒரு மாசம் ஓட்டினார். டீ சடங்கை ஒழுங்கு பண்ணின சென் நோ ரிக்யு (1522-1591) பத்தி ஒரு கதை சொல்வாங்க. தோட்டத்துல ஒரு இலை இல்லாம சுத்தமா பெருக்கி முடிச்சுட்டு, கடைசில மரத்தை லேசா உலுக்கி நாலு இலையை விழ வெச்சாராம். எல்லாருக்கும் அந்த நாலு இலைதான் ஞாபகம் இருக்கு, முதல்ல பெருக்கினது மறந்துபோகுது. கறுத்த பித்தளையை சாபின்னு சொல்லி புளி போட்டுத் தேய்க்காம தப்பிக்கலாமான்னு நானும் மாமியார் கிட்ட ட்ரை பண்ணேன், நடக்கல.

எங்கப்பா தாராவில பத்துக்குப் பத்து கோலில, அதாவது ஒத்தை ரூம் வீட்ல, எங்க ஏழு பேரோட குடும்பம் நடத்தினார். போன வாரம் கூட வேலை பார்க்கிற பொண்ணு மலைப் பக்கம் ஏதோ ரிசார்ட்டுல "வாபி-சாபி காட்டேஜ்"னு ராத்திரிக்கு 18,000 ரூபாய் குடுத்துத் தங்கிட்டு வந்து போட்டோ காட்டுச்சு. மண் சுவரு, தரையில படுக்கை, மூலைல ஒரு பானை. இதைத்தான அக்கா நாங்க இல்லாமைன்னு சொன்னோம்? காசிருந்தா கலை, இல்லன்னா ஏழ்மையா?
— பத்லாப்பூர் வாசகர்

அண்ணாச்சி, இந்த மாசம் வந்ததுலயே என்னைத் தூங்க விடாத கேள்வி இதுதான். நீங்க கோபப்படறது நியாயம், அந்த வார்த்தையே உங்க பக்கம்தான் சாட்சி சொல்லுது. வாபிங்கற சொல்லுக்கு ஆதில அழகுன்னு அர்த்தம் கிடையாது, கஷ்டம், நிராதரவு, மனசு ஒடிஞ்ச நிலை, அதுதான் அர்த்தம். அதை அழகுன்னு திருப்பினவங்க டீ குடிக்க நேரமும் இடமும் இருந்தவங்க. ரிக்யுவே சகாய்ங்கற துறைமுக ஊர்ல வியாபாரிக் குடும்பத்துல பிறந்தவர், அப்ப நாட்டையே ஆண்ட ஹிதெயோஷிக்கு டீ குரு. அந்த ஹிதெயோஷி என்ன பண்ணார் தெரியுமா, சுவர் எல்லாம் தங்கத் தகடு ஒட்டின டீ ரூம் ஒண்ணு செஞ்சு, கழட்டி மாட்டற மாதிரி, 1586ல அரண்மனைக்கே தூக்கிட்டுப் போயி மன்னர் முன்னாடி வெச்சார். அதே காலத்துல ரிக்யு அமைச்சதுன்னு சொல்ற ரூம் ஒண்ணு கியோட்டோ பக்கத்துல யாமசாகில இன்னும் இருக்கு, தையான்னு பேரு, மொத்தமே ரெண்டு பாய் அளவு, நம்ம கணக்குல ஆறடிக்கு ஆறடி. குனிஞ்சு ஊர்ந்துதான் உள்ள போகணும், பிரபுவா இருந்தாலும் கத்தியை வெளில வெச்சுட்டுத்தான். தங்க ரூம் வெச்சிருந்தவரும் அதே மாதிரி மண் சுவர் ரூம்ல குனிஞ்சு நுழைஞ்சு டீ குடிச்சார், குடிச்சுட்டு கோட்டைக்குத் திரும்பிப் போனார். உங்கப்பாவுக்குத் திரும்பிப் போக வேற ரூம் இல்ல. இந்த ஒரு வித்தியாசத்தை மறைச்சுட்டு வாபி பத்திப் பேசறது எனக்கும் கூசுது.

பத்துக்குப் பத்துன்னீங்களே, அதுல ஒரு ஆச்சரியம் இருக்கு. காமோ நோ சோமெய்னு ஒரு துறவி 1212ல தன்னோட குடிசையைப் பத்தி ஒரு சின்னப் புஸ்தகம் எழுதினார், அந்தக் குடிசையோட அளவு சரியா பத்தடிக்குப் பத்தடி, புஸ்தகத்துக்குப் பேரே அந்த அளவுதான். 1177ல கியோட்டோ எரிஞ்சது, 1180ல சூறாவளி, மறு வருஷம் பஞ்சம், 1185ல பூகம்பம், எல்லாத்தையும் கண்ணால பார்த்துட்டு, பெரிய வீடு கட்டறதே வீண்னு மலைல போயி உக்காந்துட்டார். பலகையெல்லாம் கொக்கி போட்டு மாட்டினது, இடம் பிடிக்கலன்னா கழட்டி ரெண்டு வண்டில ஏத்திடலாம்னு எழுதறார், நாமெல்லாம் வாடகை வீடு மாத்தறப்ப டெம்போ பேசற மாதிரி! அழகான எழுத்து, அதுல சந்தேகமே இல்ல, ஆனா அந்தப் பத்தடில அவர் ஒரே ஆள். பாட்டுக்கு ஒரு மூலை, பூஜைக்கு ஒரு மூலைன்னு பிரிச்சுக்கிட்டார். உங்க வீட்ல ஏழு பேரு, யாரு எப்ப படுக்கறதுன்னு ஷிஃப்ட் போட்டிருப்பீங்க. நேர்மையான மனுஷன், கடைசிப் பக்கத்துல தன்னையே கேட்டுக்கறார், உலகத்தை விட்டேன்னு சொல்லிட்டு இந்தக் குடிசை மேல இவ்வளவு ஆசை வெச்சிருக்கேனே, இது மட்டும் பற்று இல்லையான்னு. 18,000 வாங்கின ரிசார்ட்டுல அந்தக் கடைசிப் பக்கத்தை யாரும் ஃப்ரேம் போட்டு மாட்டியிருக்க மாட்டாங்க.

இன்னொண்ணு சொல்லணும். ஜப்பான்ல ரொம்ப மதிப்பான டீக் கிண்ணம்னு தேசியப் பொக்கிஷமா வெச்சிருக்கறது ஒண்ணு, கிஸாயேமோன்னு பேரு, கியோட்டோ தைதொகுஜி கோயில் வளாகத்துல இருக்கு. அது ஜப்பான்ல செஞ்சதே கிடையாது, கொரியால பேர் தெரியாத குயவர் ஒருத்தர் சாதாரண ஜனங்க புழங்க மளமளன்னு வனைஞ்சதா சொல்ற கிண்ணம், கும்பார்வாடால அகல் வனையற வேகத்துல வனைஞ்சிருப்பார். டீக்காரங்க கண்ணுல பட்டு பொக்கிஷமாச்சு, அந்தக் குயவருக்கு அதுல ஒரு காசு வந்திருக்காது. உங்க கேள்விக்கு இதுதான் என் பதில், கிண்ணம் நிஜமாவே அழகு, அந்தக் கணக்கு நிஜமாவே அநியாயம், ரெண்டையும் சேர்த்தே வெச்சுக்கணும்.

நானும் சின்ன வயசுல தாராவில சொந்தக்காரங்க கோலிக்குப் போயிருக்கேன். உள்ள நுழைஞ்சா எதிர்ச் சுவர்ல ஸ்டீல் ராக், தட்டு தட்டா, டம்ளர் டம்ளரா சைஸ் வாரியா அடுக்கி, ஒவ்வொண்ணுலயும் பேர் வெட்டி, வாசல் வெளிச்சம் பட்டா சுவரே பளபளக்கும். தண்ணி வர்ற அரை மணி நேரத்துல அவ்வளவையும் தேய்ச்சு அடுக்கினாங்க பாருங்க, அதைப் போட்டோ எடுத்து வெக்க யாருக்கும் தோணல. உங்க வீட்ல அந்த ராக் இன்னும் இருந்தா பழைய சாமான் எடுக்கிற பங்கார்வாலாவுக்குப் போட்டுடாதீங்க.

அம்மாவோட ஊறுகாய் ஜாடி, மேல பழுப்பு கீழ வெள்ளையா இருக்குமே அது, வேலைக்கு வர்ற பாயம்மா கை தவறி மூணு துண்டாயிடுச்சு. உடைஞ்சதைத் தங்கக் கோடு தெரிய ஒட்டற கின்ட்சுகி கிட் ஆன்லைன்ல 900 ரூபாய்க்கு வாங்கிட்டேன். ஒட்டி மறுபடி மாவடு போடலாமா அக்கா?
— அந்தேரி வாசகி

போடாதீங்க. உங்களுக்கு வந்த கிட்ல ரெண்டு ட்யூப் எபாக்ஸி பசையும் தங்கக் கலர் பொடியும் இருக்கும், மாவடுவோட உப்பு, காரம், வெளக்கெண்ணெய் எல்லாம் மாசக்கணக்கா அது மேல ஊறினா என்ன இறங்கும்னு யாரு கண்டா, அந்த ரிஸ்க்கே வேண்டாம்.

நிஜ கின்ட்சுகி வேற சமாச்சாரம். உருஷின்னு ஒரு மரத்தோட பால், அதைக் கோதுமை மாவோட குழைச்சு உடைஞ்ச துண்டை ஒட்டி, காய வெச்சு, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, மறுபடி பூசி, மறுபடி காய வெச்சு, கடைசிப் பூச்சு ஈரமா இருக்கறப்ப மேல தங்கப் பொடி தூவறது. மொத்தம் மாசக்கணக்குல ஆகும். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அந்தப் பால் வெயில்ல காயாது, ஈரத்துலதான் இறுகும், அதுக்குன்னே ஈரப்பதம் 70, 80 சதவீதம் வெச்ச மரப்பெட்டிக்குள்ள பாத்திரத்தை வெப்பாங்க. ஜூலை மாசத்து மும்பைல பெட்டியே வேண்டாம், சமையல் மேடைல வெச்சாலே போதும்! துணி காயாத ஊர்ல காயற ஒரே பொருள் இதுவாத்தான் இருக்கும்.

ஆனா இறுகறதுக்கு முன்னாடி தோல்ல பட்டா அரிச்சு கொப்பளிக்கும். அந்த மரம் நம்ம மாமரம், முந்திரி, சேராங்கொட்டை எல்லாத்துக்கும் ஒரே குடும்பம். மாங்காப் பால் பட்டு வாய் ஓரம் புண்ணானவங்களுக்குத் தெரியும், சேராங்கொட்டை தெரிஞ்சவங்களுக்கு இன்னும் நல்லாத் தெரியும், அந்தக் காலத்துல சலவைக்காரங்க துணில அழியாத குறி போட்டது அந்தக் கொட்டைச் சாறுலதான். உங்க மாவடுவும் அவங்க உருஷியும் பங்காளிங்கன்னு வெச்சுக்கோங்க.

இந்த கின்ட்சுகிக்கு ஒரு பிறப்புக் கதை சுத்துது. 15ம் நூற்றாண்டுல ஷோகுன்ங்கற படை ஆட்சியாளரா இருந்த அஷிகாகா யோஷிமாசா விரிசல் விட்ட ஒரு சீனப் பச்சைக் கிண்ணத்தை இதே மாதிரி இன்னொண்ணு வேணும்னு சீனாவுக்கு அனுப்ப, இப்படி இனிமே செய்ய முடியாதுன்னு உலோகத் தையல் போட்டு அதையே திருப்பி அனுப்பிட்டாங்களாம், அசிங்கமா இருக்கேன்னு அப்புறம் தங்கத்துல ஒட்ட ஆரம்பிச்சாங்கன்னு கதை போகும். கதைல ஒரு ஓட்டை இருக்கு. அந்தக் கிண்ணம் இப்ப தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்துல இருக்கு, உலோகத் தையல் இன்னும் அப்படியே இருக்கு, அந்தத் தையல் வெட்டுக்கிளி உக்காந்த மாதிரி இருக்குன்னு அதையே பேரா வெச்சுக் கொண்டாடறாங்க. தங்கமே இல்லாமலும் ஆசையா வெச்சுக்கிட்டாங்கங்கறதுதான் எனக்கு இதுல பிடிச்சது.

அதனால ஜாடியை கிட்டுலயே ஒட்டுங்க, உள்ள மரக்கரண்டி, பின்னல் ஊசி, ரப்பர் பேண்டுன்னு காஞ்ச சாமான் வெச்சுக்கோங்க. ஒட்டறப்ப அந்தப் பாயம்மாவையும் பக்கத்துல உக்கார வெச்சுக்கோங்க, மூணு துண்டைப் பிடிக்க ரெண்டு கை போதாது. உடைச்சதுலேர்ந்து அவங்களும் உங்க மூஞ்சியைப் பார்க்காமத்தான் பாத்திரம் தேய்ச்சுட்டு இருப்பாங்க.

ஒட்டுப்போடற கலைல தினசரிக்கு ஆகறது ஜாடி இல்ல, துணி. ஜப்பானோட வடக்குப் பக்கம் குளிர்ல பருத்தி விளையாது, ஏழைக் குடும்பத்துல சணல் துணி மேல கிடைச்ச பருத்தித் துணுக்கை வெச்சு ஓட்டுத்தையலாப் போட்டு, பிஞ்ச இடத்துல இன்னொண்ணுன்னு தலைமுறையா தச்சுக்கிட்டே இருந்தாங்க, சஷிகோன்னு அந்தத் தையலுக்குப் பேரு. உங்க பக்கத்து வீட்டு மராட்டிப் பாட்டி, ஆஜி, பழைய புடவையை அடுக்கி கோதடி தைப்பாங்களே, கிட்டப் போயி பாருங்க, அதே ஓட்டுத்தையல்தான். ஆஜி கிட்ட ஃப்ரீயாவே கத்துக்கலாம்.

தத்தாமி பாய், தரையில போடற ஃப்யூட்டான் மெத்தை வாங்கலாமா?
— போரிவலி வாசகர்

மழைக்காலத்துல மூணாவது வாரம் பச்சைப் பூஞ்சை பிடிக்கும், வேண்டாம் சார். அங்கயே ஜூன், ஜூலைல மழை, தத்தாமிக்குப் பூஞ்சைத் தொல்லை அவங்களுக்கும் உண்டு, மெத்தையை தினம் எடுத்து உதறி வெயில் காட்டற வழக்கம் அதுக்குத்தான். வீடு கட்டறப்ப வெயில்காலத்தை மனசுல வெச்சுக் கட்டு, குளிர்ல எங்க வேணா இருந்துக்கலாம்னு யோஷிதா கென்கோன்னு 14ம் நூற்றாண்டுத் துறவி எழுதி வெச்சிருக்கார். நம்ம வெயிலுக்கு ஒரு பத்தமடைப் பாய் போதும், கோரைப்புல், சில்லுனு இருக்கும், காலைல சுருட்டி கதவுக்குப் பின்னாடி நிறுத்திடலாம்.

எங்க ஹால் ஜன்னலைத் திறந்தா எதிர் பில்டிங் சுவர், ஏசி டப்பா, காயற துணி. அதுக்கு மேல மட்டும் ஒரு தூங்குமூஞ்சி மரத்தோட தலை தெரியும். இதுல எங்க அழகைத் தேட?
— காட்கோபர் வாசகி

மரத்தோட தலை தெரியுதுல்ல, பாதி வேலை முடிஞ்சுது. "ஷக்கெய்"னு ஒண்ணு இருக்கு, கடன் வாங்கின காட்சின்னு அர்த்தம். கியோட்டோல எந்த்சுஜின்னு ஒரு கோயில், தோட்டம் சின்னதுதான், ஆனா ஒரு வேலிச் செடியை சரியான உயரத்துல வெட்டி வெச்சு நடுவுல இருக்கிற கட்டடம் எல்லாத்தையும் மறைச்சுட்டாங்க, வேலிக்கு மேல தூரத்துல ஹியெய் மலை மட்டும் தெரியும், உக்காந்து பார்த்தா மலையே நம்ம தோட்டத்துல முடியற மாதிரி இருக்கும். மலைக்கு ஒரு பைசா குடுக்கல!

நீங்க பண்ண வேண்டியது, திரையை மேலேர்ந்து கீழ தொங்க விடாம, ஜன்னலோட கீழ் பாதியை மட்டும் மறைங்க. மூங்கில் தட்டியோ, பழைய பருத்திப் புடவையோ, நடுவுல ஒரு கம்பி போட்டு மாட்டினா ஏசி டப்பா போச்சு, மரம் மட்டும் நிக்கும். நாற்காலியை விட்டுத் தரையில உக்காந்து உயரத்தைக் குறிச்சுக்கோங்க, பார்க்கிற கண்ணு எங்க இருக்குங்கறதுதான் இதுல கணக்கு. அப்படியே ஹால் ட்யூப்லைட்டும் 6500 கெல்வின்னு போட்ட வெள்ளையா இருந்தா, ஒரே ஒரு பல்பை 2700க்கு மாத்திப் பாருங்க, டப்பா மேலயே நம்பர் போட்டிருக்கும், சாயங்காலம் விளக்கேத்தற நேரத்துல ட்யூபை அணைச்சுட்டு அது மட்டும் எரியட்டும். காய் நறுக்கற இடத்துல மட்டும் வெள்ளை லைட்டை எடுக்காதீங்க, வயசான கண்ணுக்கு வெளிச்சம் கூடுதலா வேணும், விரல் போச்சுன்னா அழகு எதுக்கு.

கல்யாண்ல காலைல 7 மணி ஃபாஸ்ட் ட்ரெயின் பிடிச்சா ராத்திரி 9க்குத்தான் வீடு. உங்க ஜப்பான் எல்லாம் நேரம் இருக்கிறவங்களுக்கு. எனக்கு என்னக்கா இருக்கு அதுல?
— கல்யாண் வாசகி

நாலரைக்கு எழுந்து டீ சடங்கு பண்ணுன்னு சொன்னா நீங்க என்னை அடிக்க வருவீங்க, நியாயம்தான். தோக்கியோல ரஷ் அவர்ல ஆளை வண்டிக்குள்ள தள்ளி அனுப்பறதுக்கே வெள்ளைக் கையுறை போட்ட ஆளுங்களை நிறுத்தின ஊரு அது, அவங்களும் உங்க மாதிரி நசுங்கித்தான் போறாங்க.

உங்களுக்கு உதவற வார்த்தை ஒண்ணு இருக்கு, "மா". இடைவெளின்னு சொல்லலாம். எழுத்துல வரைஞ்சா ஒரு கதவு, கதவிடுக்குல சூரியன். முன்னாடி சூரியனுக்குப் பதிலா நிலா இருந்துது, கதவிடுக்குல நிலா வெளிச்சம்! "நோ"ங்கற பழைய ஜப்பான் நாடகத்தைச் செஞ்சு எழுதி வெச்ச ஸெஆமி, நடிகன் ஒண்ணும் செய்யாம நிக்கிற இடம்தான் சுவாரஸ்யம்னு சொல்றார். புரியலன்னா சண்முகானந்தா சபால ஒரு தனி ஆவர்த்தனம் கேளுங்க, மிருதங்கக்காரர் தீர்மானத்துக்கு நடுவுல கார்வை விடுவார் பாருங்க, கை தூக்கின அந்த இடத்துல சபையே மூச்சைப் பிடிச்சுக்கும். கார்வை இல்லாம அதே சொல்லை ஒட்டி ஒட்டி வாசிச்சா வெறும் சத்தம்.

உங்க நாள்ல கார்வை எங்கன்னு பார்த்தா, வாசல்ல. ஜப்பான் வீட்ல உள்ள நுழைஞ்சதும் "கென்கான்"னு ஒரு தாழ்ந்த இடம், செருப்பைக் கழட்டிட்டு ஒரு படி ஏறினாத்தான் வீடு ஆரம்பிக்கும். நாமளும் செருப்பைக் கழட்டறவங்கதான், ஆனா ஒரு காலைக் கழட்டறப்பவே இன்னொரு கைல குக்கர். வாசல்ல ஒரு முக்காலி போடுங்க. செருப்பைக் கழட்டி, காலைக் கழுவி, அதுல ரெண்டு நிமிஷம், போன் இல்லாம. அந்த ரெண்டு நிமிஷம் யாரும் சாம்பார்ல உப்பு இல்லன்னு சொல்லக்கூடாதுன்னு வீட்ல சட்டம் போட்டுடுங்க. பசங்க முதல் நாள் சிரிக்கும். சயானுக்கும் குர்லாவுக்கும் நடுவுல வண்டி சிக்னல்ல நின்னா அதுவும் கணக்குல சேரும், ஆனா அங்க உக்கார சீட்டு கிடைச்சிருக்கணும்.

இகெபானான்னு ஜப்பான் பூ அலங்கார க்ளாஸ் சேரலாம்னு இருக்கேன். பிரயோஜனம் உண்டா?
— செம்பூர் வாசகி

சேருங்க, கை வேலை எதுவும் வீண் போகாது. ஆனா வீட்டுக்கு எனக்குப் பிடிச்சது டீ ரூம்ல வெக்கிற பூ, அது எந்த அலங்காரமும் இல்லாம வயல்ல நிக்கிற மாதிரி ஒண்ணே ஒண்ணு. ரிக்யு தோட்டத்துல காலைப்பூ, அதான் நம்ம வேலில படருமே மார்னிங் குளோரி, பூத்துக் குலுங்குதுன்னு கேள்விப்பட்டு ஹிதெயோஷி பார்க்க வந்தாராம், வந்தா தோட்டத்துல ஒரு பூ இல்ல, எல்லாத்தையும் வெட்டியாச்சு, கோபமா ரூமுக்குள்ள குனிஞ்சு நுழைஞ்சா மாடத்துல ஒத்தைப் பூ. கதைதான், ஆனா அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும். செம்பருத்தியை இப்படி ஒரு எவர்சில்வர் டம்ளர்ல வெச்சுப் பாருங்க, எடுப்பா இருக்கும். மல்லில மட்டும் இந்த ட்ரிக் பலிக்காது, மாட்டுங்கா பூக்காரம்மா நெருக்கமா கட்டின முழத்துலதான் அதுக்கு அழகு, ஒத்தை மல்லியைப் பார்த்தா பரிதாபமா இருக்கு.

கோலத்துல இல்லாத அழகா, கொலுவுல இல்லாத ஒழுங்கா? நம்மகிட்ட இல்லாததை என்னம்மா ஜப்பான்ல கண்டீங்க?
— மாட்டுங்கா வாசகர், வயது 78

பெரியவரே, உங்க கூட சண்டை போட எனக்கு அதிகம் இல்ல, மேல எழுதினதுல பாதி பதில் கொலுலயும் கார்வைலயும்தான் போயி முடிஞ்சிருக்கு. ஒரு விஷயம் மட்டும் அவங்க நம்மள விட சாமர்த்தியமா பண்ணிட்டாங்க, பேர் வெச்சாங்க. அவங்களும் ஒரு காலத்துல பழசை எல்லாம் தூக்கிப் போட்டவங்கதான், 1868க்கு அப்புறம் மேல்நாட்டு மோகத்துல. அதுக்கப்புறம் 1920கள்ல யானகி சொயெத்சுன்னு ஒருத்தர் சந்தைல விக்கிற சாதாரண சட்டி, கூடை, துணின்னு சேர்க்க ஆரம்பிச்சு, மக்கள் கைவினைங்கற அர்த்தத்துல "மிங்கெய்"னு அதுக்கு ஒரு பேரும் உண்டாக்கி, 1936ல தோக்கியோல மியூசியமே திறந்துட்டார். பேர் வெச்சதும் மத்தவங்க கண்ணுலயும் பட்டுது.

நம்ம கோலத்தை யோசிச்சுப் பாருங்க. தினம் காலைல போட்டு, எறும்பும் காலடியும் சேர்ந்து மதியத்துக்குள்ள அழிச்சு, மறுநாள் வேற புள்ளி வேற கணக்கு. நிலையாமைன்னு அவங்க புஸ்தகம் புஸ்தகமா எழுதினதை எங்கம்மா பேச்சே இல்லாம வாசல்ல குனிஞ்சு போட்டுட்டு உள்ள போயி காபி போட்டாங்க. ரிக்யு டீ கலந்தது கலை, அது இன்னிக்கு வரைக்கும் பரம்பரைப் பள்ளிக்கூடமா நடக்குது. எங்கம்மா போட்டது வீட்டு வேலை. இதுல ஜப்பானைக் குத்தம் சொல்லிப் பிரயோஜனம் இல்ல, வீட்டு வேலைன்னு சொன்னது நாமதான், நீங்களும் சேர்த்து, கோவிச்சுக்காதீங்க.

நானும் சேர்த்துதான். பன்னெண்டாவது மாடிக்கு வந்ததும் வாசல்ல ஸ்டிக்கர் கோலம் ஒட்டினவ நான், ஆறு வருஷமா ஒரே கோலம். உங்க லெட்டரைப் படிச்ச அன்னிக்கு அதைப் பிச்சேன். கோலம் வந்துடுச்சு, பசை வரல, கட்டம் கட்டமா டைல்ஸ் மேல கறுப்பா நிக்குது. தேங்காய் எண்ணெய் தடவி ராத்திரி விட்டா வரும்னு எதிர் வீட்டு குஜராத்தி பென் சொல்றாங்க, வரலன்னா என்ன போடலாம்னு தெரிஞ்சவங்க எழுதுங்க.